நாளைக்கு வாங்க

என் நோய்க்குப் பெயர் வைத்த மகராசன் யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது அவருக்குத்தான் நல்லது. நாள்பட்ட சோர்வு நோயாம். யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். சொல்லி வாய் மூடுவதற்குள் எதிரில் இருப்பவர் ஒரு கொட்டாவி விட்டு, "எனக்கும்தாங்க ஒரே சோர்வு" என்பார். பால் போடுகிறவரிலிருந்து பல் டாக்டர் வரைக்கும் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. மாரடைப்பு வந்தவரிடம் போய், "எனக்கும்தாங்க நெஞ்சு இருக்கு" என்று யாராவது சொல்வார்களா? என்னிடம் மட்டும் சொல்வார்கள்.

வீட்டில் எனக்குப் பெயர் வாயாடி. பேச ஆரம்பித்த வயதிலேயே அண்ணன் வைத்தது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்தில் அச்சுப்பிழை திருத்துவது என் வேலை. ஊரார் எழுதியதில் தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால், என் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா? அப்படி இருந்தவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வீட்டில் எல்லோருக்கும்தான் வந்தது. எல்லோருக்கும் போய்விட்டது. எனக்கும் காய்ச்சல் போய்விட்டது, நான்தான் திரும்பி வரவில்லை.

ஒரு நாள் நன்றாக இருப்பேன். எழுந்து குளிப்பேன், தொலைபேசியில் வம்பளப்பேன், பத்துப் பக்கம் திருத்துவேன். மறுநாள் யாரோ உள்ளே புகுந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போன மாதிரி கிடப்பேன். வெளிச்சம் கண்ணைக் குத்தும். கரண்டி கீழே விழுந்தால் அந்தச் சத்தம் எலும்பு வரைக்கும் வலிக்கும். அந்த நாளில் என்னை எந்த டாக்டரும் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார்? எழுந்து போக முடிகிற நாளில்தானே டாக்டரிடம் போக முடியும். போனால், "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்பார். அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ரத்தம் எடுப்பார், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். "மனசை லேசா வச்சுக்கோங்க, கொஞ்சம் நடங்க" என்று அனுப்பிவிடுவார்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோதுதான் அண்ணி என் விஷயத்தில் தலையிட்டார்.

என் அண்ணி விஞ்ஞானி. தசை செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றை வேலை வாங்கி, என்ன ஆகிறது என்று பார்ப்பது அவருடைய பிழைப்பு. அண்ணிக்குப் பரிதாபப்படத் தெரியாது. உடம்பு எப்படி இருக்கு, சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். நான் சுருண்டு கிடந்த ஒரு நாளில் என் அறை வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தார், தட்டில் இருக்கும் செல்லைப் பார்க்கிற அதே பார்வை.

"நேத்து என்ன பண்ணின?" என்றார்.

"தலைக்குக் குளிச்சேன்."

"ம்" என்று போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த முறை நான் விழுந்தபோதும் அதே வாசற்படி, அதே கேள்வி. "சிநேகிதி வந்தா. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தோம்" என்று முனகினேன். அண்ணியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. நான் சிரித்த பாவத்துக்குக் கட்டையாய்க் கிடக்கிறேன், இந்த மனுஷிக்கு ஆனந்தம் பொங்குகிறது.

"வாயாடி, இது சோர்வு இல்லைடி. சோர்வுன்னா தூங்கி எழுந்தா போகணும். உனக்குத் தூங்கி எழுந்தாதான் வருது. எல்லாரும் உன்னைத் தப்பான நாள்ல பாத்திருக்காங்க."

இத்தனை நாள் என்னிடம் யாரும் "இன்றைக்கு" என்பதைத் தவிர வேறு நாளைப் பற்றிக் கேட்டதில்லை. நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அண்ணி அதைக் கவனிக்கவில்லை. அவர் மனசு அதற்குள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து அண்ணிக்கு வேறு நினைப்பு இல்லை. செல்களை ஓட ஓட விரட்டிவிட்டு உடனே பார்ப்பதை விட்டு, மறுநாள் பார்க்க ஆரம்பித்தார். "என்ன அண்ணி கிடைச்சது?" என்று கேட்டால், "இன்னும் சொல்ற அளவுக்கு இல்லை" என்பார். விஞ்ஞானிகளிடம் கேட்டு வாங்கக்கூடியது அவ்வளவுதான். ஆனால் மருத்துவர்கள் கூடும் இடமாகப் பார்த்துப் போய், அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் எழுந்து நின்று, "நீங்க மறுநாள் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு வருவார். சில இடங்களில் அவர் கை தூக்கினாலே மைக்கை வேறு பக்கம் நகர்த்த ஆரம்பித்தார்கள்.

என்னைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்து ஒரு குழுவும் சேர்த்தார். நாங்கள் அதற்குப் படுக்கைச் சங்கம் என்று பெயர் வைத்தோம். தொலைபேசியில்தான் கூட்டம். எல்லோரும் படுத்திருப்போம், விளக்கு எரியாது, முகம் தெரியாது. முடியாதவர் பாதியிலேயே சொல்லாமல் கொள்ளாமல் போகலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் அண்ணி. பெரிய மனசு பண்ணி அவரையும் சேர்த்துக்கொண்டோம்.

என் வேலைக்கு ஆபத்து வந்தது அந்தச் சமயத்தில்தான். அதுவரை பழைய மேலாளர் தாள்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். புதிதாக வந்தவர் எல்லோரும் தினமும் வந்தே ஆக வேண்டும் என்றார். வீட்டில் படுத்தபடி அரை நாள் வேலை செய்கிறேன், சம்பளத்தையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். "மருத்துவக் குழு சொல்லட்டும்" என்றார். குழு எனக்கு நோய் என்று சொன்னால் படுத்துக்கொண்டே திருத்தலாம். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் அடுத்த மாதத்திலிருந்து தினமும் அலுவலகம், இல்லையென்றால் வீட்டோடு இருந்துகொள்ள வேண்டியதுதான். தினமும் போனால் ஒரு வாரத்தில் என்னைத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். அந்த வேலையும் போனால் எனக்கு என்று மிஞ்சுவது ஒரு கூரையும் அதில் ஓடும் ஒரு விரிசலும்தான். பயந்துபோனேன்.

பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? குழுவைப் பார்க்கப் போவதற்கு முன்னால் வாரம் முழுக்க வாய் திறக்காமல், குளிக்காமல், திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தே கிடந்து தெம்பைச் சேர்த்து வைத்தேன். அன்று காலை இருப்பதிலேயே நல்ல உடையைப் போட்டு, தலை வாரி, உதட்டுக்குக் கொஞ்சம் சாயம் பூசி, காரில் போய் இறங்கினேன். பெரிய மனிதர்கள் முன்னால் அழுக்கு மூட்டையாகப் போய் நிற்கலாமா?

அறையில் நீள மேசைக்குப் பின்னால் இரண்டு டாக்டர்கள். நடுவில் இருந்தவர் குழுவின் தலைவர், பேச ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும் குரல். பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா, அவர் எதையும் பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார். தலைவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பாயிண்ட் பாயிண்டாகப் பதில் சொன்னேன். இரண்டு நகைச்சுவையும் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சுவரில் இருந்த அறிவிப்பில் ஒற்று விட்டுப்போனதையும் சுட்டிக்காட்டிவிட்டு, வெற்றிக் களிப்போடு வெளியே வந்தேன்.

தீர்ப்பு வந்தது. உற்சாகமாகவும் தெளிவாகவும் இருக்கிறார், தினமும் வேலைக்குச் செல்லத் தடையில்லை.

தீர்ப்பு வந்தபோது நான் படிக்கும் நிலையில் இல்லை, அண்ணன்தான் காதருகே வந்து மெதுவாகச் சொன்னான். அண்ணிக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் வாய் திறக்கும் நிலைக்கு வரும்வரை பொறுத்திருந்து பிடித்துக்கொண்டார்.

"யாருடி உன்னை ஜோக்கு சொல்லச் சொன்னது?"

"வாய் சும்மா இருக்கலை அண்ணி."

"உதட்டுச் சாயம் வேற."

சங்கத்தில் இதைச் சொன்னபோது இருட்டில் ஒருத்தர் சிரித்தார். "நான் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டுப் போனேன்" என்றார். இன்னொருத்தி, "நான் பேரனைத் தூக்கிக் காட்டினேன்" என்றாள். ஒருத்தர் விடாமல் எல்லோரும் அதையே செய்திருந்தோம். நோயைக் காட்டப் போகும்போது நோய் தெரியாமல் போவதற்குப் படாத பாடு பட்டிருக்கிறோம். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் மறுநாள் படுக்கை உறுதியானது.

மேல்முறையீட்டுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த ஒன்றுதான். இந்த முறை அண்ணியும் என்னோடு உள்ளே வர அனுமதி வாங்கினார். தலையைக் கலைத்து, பழைய துணியில் போகட்டுமா, கொஞ்சம் தள்ளாடட்டுமா என்று கேட்டேன்.

"நடிச்சேன்னா நான் வர மாட்டேன்" என்றார் அண்ணி. "நல்லா இருக்கிற அன்னைக்கு நல்லா இரு. போன தடவை மாதிரியே போ. சாயம்கூடப் பூசிக்கோ."

"அப்ப மறுபடியும் நல்லா இருக்கேன்னு எழுதிடுவாங்களே."

"எழுதட்டும். அதுல பொய் இல்லையே."

அண்ணி சொன்னபடியே போனேன்.

அதே மேசை, அதே இருவர். சுவர் அறிவிப்பில் விட்டுப்போன ஒற்றைச் சேர்த்திருந்தார்கள். அண்ணி மடிக்கணினியைத் திறந்து செல், ஆற்றல், வரைபடம் என்று ஆரம்பித்தார். எனக்கே பாதி புரியவில்லை. தலைவர் கொட்டாவியை அடக்கி, "டாக்டர், நீங்க சொல்றது எல்லாம் சரி. எனக்கும்தான் சாயந்திரம் ஆனா ஒரே சோர்வு" என்றார்.

போச்சு என்று நினைத்தேன். அண்ணிக்குக் கோபம் வந்தால் இடம், பொருள் பார்க்க மாட்டார். ஆனால் அண்ணி மடிக்கணினியை மூடிவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"சார், இவ எப்படி இருக்கா?"

"அருமையா இருக்காங்க. என்னைவிட நல்லாப் பேசறாங்க."

"நானும் அதேதான் சொல்றேன். நாளைக்கு வாங்க."

தலைவருக்குப் புரியவில்லை. "எங்க?"

"எங்க வீட்டுக்கு. நாளைக்கு வாங்க. இவ கையாலேயே உங்களுக்குக் காபி போட்டுக் குடுத்தா, நான் இனிமே இந்த நோயைப் பத்தி எங்கயும் வாய் திறக்க மாட்டேன்."

காலம் காலமாக அலுவலகங்கள் எங்களிடம் சொல்லி வந்த வார்த்தையை அண்ணி அலுவலகத்துக்கே சொல்லிவிட்டார். தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அதெல்லாம் வழக்கம் இல்லைங்க. வேணும்னா மருத்துவமனையில சைக்கிள் மிதிக்க வச்சு, அடுத்தடுத்து ரெண்டு நாள் அளந்து பாக்கலாம்."

"அப்படிச் சோதிக்கிறது உண்டு. ஆனா அதுக்கப்புறம் மாசக்கணக்கா எழுந்திரிக்காதவங்களும் உண்டு. என் நாத்தனாரை நான் சைக்கிள்ல ஏத்த மாட்டேன். அவ குளிச்சு, உடுத்தி, காரில வந்து, உங்க முன்னாடி உக்காந்து பேசிட்டு இருக்கா. அவளுக்கு நீங்கதான் சார் சைக்கிள்."

அதுவரை எழுதிக்கொண்டே இருந்த மூக்குக்கண்ணாடி அம்மா முதல் முறையாகத் தலையைத் தூக்கினார். "வழக்கம் இல்லைதான். கூடாதுன்னும் எங்கயும் இல்லை" என்றார். தலைவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். காபி என்றதில் ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது.

"சரி, வர்றேன். சர்க்கரை கம்மியா" என்று என்னிடம் சொன்னார்.

"டிகாஷன் தூக்கலா போட்டுடறேன் சார்" என்றேன். அந்த அறையில் நான் பேசிய கடைசி வார்த்தை அது.

மறுநாள் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை, காதால் மட்டும் கேட்டேன். எங்கள் வீடு மாடியில், லிஃப்ட் கிடையாது. தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவது முதல் படியிலிருந்தே கேட்டது. ஒவ்வொரு மிதியும் என் மண்டைக்குள் விழுந்தது. கதவு திறந்ததும் கூடத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"எங்கம்மா என் காபி?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நல்ல பதில், நேற்றே யோசித்து வைத்தது. உள்ளே இருக்கிறது, வாய்க்கு வர மறுக்கிறது. உதடு அசையவில்லை, கண் திறக்கவில்லை. பத்து வார்த்தை பேசும் இடத்தில் நூறு பேசுகிற என்னை இந்த நோய் எந்த இடத்தில் அடிக்கிறது பாருங்கள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் காதுக்குள் வழிந்தது.

அவர் அறைவாசலுக்கு வந்துவிட்டார். "என்னம்மா, நேத்து..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அண்ணி பேசுவார் என்று எதிர்பார்த்தேன். கையில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு அண்ணி பேசாமல் நின்றது என் நினைவு தெரிந்து அன்றைக்குத்தான்.

அப்புறம் ஒரு குரல் கேட்டது. அந்த வெண்கலத் தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"நேத்து என்கிட்ட பேசினது இவங்கதானே?"

"இவதான்."

"நாங்க கேள்வி கேட்டதுக்கா இப்படி?"

"ஆமா சார். நீங்க ஒண்ணும் தப்பாக் கேக்கலை. பேசினாலே இப்படித்தான்."

"இதெல்லாம் எப்ப சரியாகும்?"

"தெரியலை. அதுக்குத்தான் நாங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கோம்."

அவர் என் கையைத் தொட்டு நாடி பார்க்கவில்லை. கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடிக்கவும் இல்லை. ஜன்னல் பக்கம் நடந்தார். திரைச்சீலையில் விரல் அளவு இடைவெளி இருந்திருக்கிறது, அதன் வழியாக வந்த வெயில் சரியாக என் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அதை இழுத்து மூடினார். அப்புறம் காலடிச் சத்தமே கேட்கவில்லை. ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினாராம், அண்ணன் பிறகு சொன்னான். எத்தனையோ டாக்டர்களிடம் போயிருக்கிறேன், என் நோய்க்கு ஒரு டாக்டர் செய்த முதல் வைத்தியம் அந்தத் திரைச்சீலைதான்.

எனக்குப் பேச்சு வந்த நாளில் தீர்ப்பும் வந்தது. வீட்டில் படுத்தபடி அரை நாள் வேலை. புதிய மேலாளர் ஒரு கட்டுத் தாளை அனுப்பிவைத்தார், ஐந்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம். முதல் பக்கத்திலேயே மூன்று பிழை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அதை எழுதியவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

அண்ணி அதோடு விட்டாரா? மறு வாரமே குழுவின் வாசலில் போய் நின்றார். ஒருத்திக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றார். அடுத்த வாரமும் போனார். கடைசியில், இந்த நோயோடு வருகிறவர் யாராக இருந்தாலும் மறுநாள் அவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்ப்பது என்று குழு ஒப்புக்கொண்டது. சங்கத்தில் இப்போது யாரும் "பெஸ்ட் ஆஃப் லக்" சொல்வதில்லை. குழுவைப் பார்க்கப் போகிறவர்களிடம், "சாயம் பூச மறக்காதே" என்று சொல்லி அனுப்புகிறோம்.

சில மாதம் கழித்து ஒரு மாலையில் தலைவர் மறுபடியும் மாடி ஏறி வந்தார். வேறொருவர் விஷயமாக அண்ணியிடம் ஏதோ கேட்க வேண்டுமாம். அன்று எனக்கு நல்ல நாள். சோபாவில் சாய்ந்துகொண்டு அவரிடம் கொஞ்ச நேரம் வாயடித்தேன். அவர்கள் இருவரும் வரைபடத்தில் மூழ்கியதும் ஓசைப்படாமல் எழுந்து அடுக்களைக்குப் போனேன். கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே. பாலை அடுப்பில் வைத்தேன்.

பாத்திரச் சத்தம் கேட்டு அடுக்களை வாசலில் தலைவர் வந்து நின்றார்.

"நேத்து என்ன பண்ணீங்க?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணி இல்லை, அவர்தான் கேட்கிறார்.

"ஒரு பாடம் முழுக்கத் திருத்தினேன்."

"இன்னைக்கு?"

"தலைக்குக் குளிச்சேன். உங்ககூடப் பேசினேன். இப்ப காபி."

"காபிக்குக் கணக்குல இடம் இல்லை. போய்ப் படுங்க" என்றார். "நாளைக்கு உங்களுக்குப் பதிலா நான் வந்து படுத்துக்கப் போறேனா?"

கையில் இருந்த கரண்டியை அவரே வாங்கிக்கொண்டார். அண்ணி அவருக்குப் பின்னால் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் தூசி என்றார். நான் போய்ப் படுத்தேன். பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது, எதையோ தேடி டப்பாக்களை உருட்டுகிற சத்தம் வந்தது, உடனே "ஸாரி, ஸாரி" என்று ஒரு சின்னக் குரலும் வந்தது.

காபி வந்தது. அடி பிடித்த பால், கசக்கும் டிகாஷன், சர்க்கரை துளிகூட இல்லை. தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் பிழையையும் நான் சொல்லவில்லை. தலையணையில் சாய்ந்தபடி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.